கார் கூரையில் படுக்கை, கண்ணெதிரே ஏலமலை! ஹார்டு ஷெல் ரூஃப்டாப் டென்ட்டில் தங்கக் கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

விடிகாலையில் போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு ரோட்டைப் பிடித்தால், முந்தல் தாண்டி மலையேறும் ஜீப்புகளின் வரிசையைப் பார்க்கலாம். உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள். காலையில் தமிழ்நாட்டிலிருந்து கிளம்பி, கேரள எல்லைக்குள் இருக்கும் தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு, சாயங்காலம் வீடு திரும்பிவிடுவார்கள்.

அந்த ஜீப்புகளுக்கு நடுவே இப்போது வேறு மாதிரி வண்டிகளும் தென்பட ஆரம்பித்திருக்கின்றன. எஸ்.யூ.வி-யின் தலையில் பெரிய சூட்கேஸைக் கவிழ்த்து வைத்ததுபோல ஒரு கறுப்புப் பெட்டி. அதுதான் ஹார்டு ஷெல் ரூஃப்டாப் டென்ட். வண்டியை நிறுத்தி, இரண்டு கொக்கிகளை விடுவித்தால் பெட்டி தானாக மேலே எழும்பும். ஏணியைச் சாய்த்து ஏறினால் மெத்தை தயார். ரீல்ஸில் பார்க்கச் செம அழகாக இருக்கும்.

ஆனால், 30 விநாடி ரீல்ஸில் வராத விஷயங்கள் நிறைய. உங்கள் வண்டியின் கூரை அந்த எடையைத் தாங்குமா? இந்த மலையில் எங்கே தங்கலாம், எங்கே தங்கவே கூடாது? லட்சம் ரூபாய் செலவு பண்ணலாமா, வாடகைக்கு எடுத்தால் போதுமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஹார்டு ஷெல் என்றால் என்ன?

கார் கூரையில் டென்ட் கட்டும் யோசனை புதுசு இல்லை. 1950-களின் இறுதியிலேயே இத்தாலியில் இது விற்பனைக்கு வந்துவிட்டது. பிறகு ஆப்பிரிக்க சஃபாரி, ஆஸ்திரேலியப் பாலைவனம் என்று பரவி, ஓவர்லேண்டிங் ஆர்வலர்கள் வழியாக நம் ஊருக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

இதில் இரண்டு ரகம். துணியை மடித்து, மேலே ரெக்சின் உறை போட்டு மூடுவது சாஃப்ட் ஷெல். எடையும் விலையும் குறைவு. ஆனால் விரிக்கவும் மடிக்கவும் பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். மழையில் நனைந்த துணியை மடித்து உறைக்குள் திணிப்பது பெரும்பாடு.

ஹார்டு ஷெல்லில் மேலும் கீழும் அலுமினியம் அல்லது ஃபைபர் ஓடு இருக்கும். ஓரங்களில் காரின் டிக்கி கதவைத் தூக்கிப் பிடிக்கிறதே, அதே மாதிரியான கேஸ் ஸ்ட்ரட். கொக்கியைத் திறந்தால் அது டென்ட்டைத் தூக்கி நிறுத்திவிடும். ஒரு பக்கம் மட்டும் திறந்து முக்கோணமாக நிற்பது ஒரு வகை. நான்கு மூலையும் சமமாக எழும்பிப் பெட்டிபோல நிற்பது இன்னொரு வகை. முதல் வகையில் தலைப்பக்கம் உட்கார நல்ல உயரம் இருக்கும், கால்பக்கம் தாழ்ந்திருக்கும். காற்றை எதிர்த்து நிற்பதிலும் இதுவே கெட்டி, தாழ்ந்த பக்கம் காற்று வரும் திசையைப் பார்த்து இருக்கும்படி வண்டியை நிறுத்தினால். இரண்டாவது வகையில் எல்லா மூலையிலும் ஒரே உயரம். ஆனால் நான்கு பக்கமும் துணிச்சுவர் என்பதால் காற்றில் படபடக்கும்.

ஏலமலைக்கு இது ஏன் பொருந்தும்?

ஏலக்காய் வெட்டவெளியில் வளரும் பயிர் இல்லை. உயரமான நிழல் மரங்களுக்குக் கீழே, சரிவில், எப்போதும் ஈரமாக இருக்கும் இலைமக்கு மண்ணில் வளர்வது. அந்த மண்ணில் சாதாரண டென்ட் அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சமதளம் கிடைக்காது, அடியிலிருந்து ஈரம் ஏறும், மழைக்காலத்தில் அட்டைகள் வரிசை கட்டி வரும். பாம்பு பயம் வேறு. தரையிலிருந்து ஆறடி உயரத்தில் படுத்தால் இந்த நான்கு தொல்லையும் பெருமளவு குறையும். ஜீப் நிற்கிற அளவு சமமான இடம் கிடைத்தால் போதும்.

இன்னொரு காரணம், குளிர். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் ஆறு டிகிரி குறையும். போடி ஊருக்கும் போடிமெட்டுக்கும் ஏறக்குறைய அந்த அளவு உயர வித்தியாசம் இருக்கிறது. போடியில் ஃபேன் இல்லாமல் தூங்க முடியாத ராத்திரியில், மேலே போர்வை தேடுவீர்கள். ஜனவரியில் பனியும் காற்றும் சேர்ந்தால் ஒரு போர்வை போதாது, ஸ்லீப்பிங் பேக் அவசியம்.

முதல் கணக்கு: கூரை எவ்வளவு தாங்கும்?

வாங்குவதற்கு முன்பு பார்க்க வேண்டிய முதல் விஷயம் டென்ட்டின் கலரோ, விலையோ இல்லை. உங்கள் வண்டியின் ஓனர்ஸ் மேனுவல். அதில் 'ரூஃப் லோடு' என்று ஒரு எண் இருக்கும். அது வண்டி ஓடும்போது கூரை தாங்கக்கூடிய அதிகபட்ச எடை. இதை டைனமிக் லோடு என்பார்கள்.

ஹார்டு ஷெல் டென்ட்டுகளின் எடை பொதுவாக 55 கிலோவிலிருந்து 90 கிலோ வரை. ஒரு வண்டியின் வரம்பு 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டென்ட் 60, அதைத் தாங்கும் கிராஸ்பார் 6, ஆக 66 கிலோ. மீதி 9 கிலோதான். படுக்கை, ஏணி எல்லாவற்றையும் அதற்குள் அடக்க வேண்டும். ஜிம்னி மாதிரி சின்ன வண்டிக்கு வெளிநாட்டு மேனுவல்களில் போட்டிருக்கும் வரம்பு 30 கிலோதான். 'நண்பர் மாட்டியிருக்காரே, நல்லாத்தானே ஓடுது' என்ற கணக்கு இங்கே செல்லாது.

'அப்படின்னா ரெண்டு பேர் மேலே ஏறிப் படுத்தா கூரை நசுங்கிடாதா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வண்டி நிற்கும்போது தாங்கும் எடை வேறு. அதற்கு ஸ்டாட்டிக் லோடு என்று பெயர். பிரேக் அடிக்கும்போதும், வளைவில் திரும்பும்போதும், குழியில் இறங்கும்போதும் அதே எடை பல மடங்கு விசையுடன் கூரையை இழுக்கும். நிற்கிற வண்டியில் அந்த இழுப்பு கிடையாது. அதனால்தான் ஓடும்போது 75 கிலோ வரம்புள்ள கூரை, நிற்கும்போது அதைப்போலச் சில மடங்கு தாங்கும். 60 கிலோ டென்ட், 140 கிலோவுக்கு இரண்டு பேர், 10 கிலோ படுக்கை என்றால் 210 கிலோ. இந்த எண்ணை வண்டி, கிராஸ்பார், டென்ட் மூன்றும் தாங்க வேண்டும். மூன்றில் எதன் வரம்பு குறைவோ அதுவே உங்கள் வரம்பு.

மாட்டுவது எப்படி? சட்டம் என்ன சொல்கிறது?

கூரையில் ஓட்டை போட்டு, வெல்டிங் வைத்து ஸ்டாண்டு அடிக்கும் வேலையே வேண்டாம். வண்டியைத் தயாரித்தபோது இருந்த விவரங்களிலிருந்து மாறும்படி உரிமையாளர் தன் இஷ்டத்துக்கு மாற்றம் செய்யக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. போடிமெட்டு தாண்டினால் நீங்கள் கேரள எல்லைக்குள் இருப்பீர்கள் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனியே உங்கள் மாடலுக்கு என்று தரும், கழற்றி மாட்டக்கூடிய ரூஃப் ரெயில், கிராஸ்பார்தான் நல்லது. பில்லையும், எடை வரம்பு அச்சிட்ட தாளையும் டேஷ்போர்டில் வைத்திருங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துபூர்வமாக ஒரு வரி சொல்லிவிடுவதும் நல்லது.

டென்ட்டை மாட்டி 50 கிலோமீட்டர் ஓடியதும் வண்டியை ஓரங்கட்டி எல்லா நட்டுகளையும் ஒருமுறை முடுக்குங்கள். மதுரையிலிருந்து வருபவர் என்றால் உசிலம்பட்டி டீக்கடை இதற்குச் சரியான இடம். மலையேறும் முன் போடியில் இரண்டாவது முறை.

பதினேழு கொண்டை ஊசி வளைவுகள்

முந்தலுக்கும் போடிமெட்டுக்கும் இடையே 17 கொண்டை ஊசி வளைவுகள். கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி இது. தலையில் 60 கிலோவைச் சுமந்துகொண்டு ஏறும் வண்டி, நீங்கள் பழகிய வண்டி இல்லை.

* எடை மேலே போனதால் வளைவில் வண்டி அதிகமாகச் சாயும். வழக்கமாக 30-ல் திரும்பும் வளைவில் 20-க்கு வாருங்கள்.
* ஏறி வரும் வண்டிக்கு வழி விட வேண்டும் என்பதுதான் மலைப்பாதை விதி. இறங்கும்போது தோட்டத்து ஜீப், லாரி ஏறி வந்தால் ஒதுங்கி நில்லுங்கள்.
* இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிமானம் போய்விடும். ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள்.
* டென்ட்டோடு சேர்த்து வண்டியின் மொத்த உயரத்தை அளந்து, ஸ்டீயரிங் அருகே எழுதி ஒட்டுங்கள். பெட்ரோல் பங்க் கூரை, லாட்ஜ் போர்ட்டிகோ, தோட்டத்து வழியில் தாழ்ந்து கிடக்கும் கிளை, கரன்ட் வயர் எல்லாமே இடிக்கும்.
* மைலேஜ் குறையும். போடியிலேயே டேங்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.
* இருட்டிய பிறகு மலையேற வேண்டாம். பனிமூட்டம் இறங்கினால் பானெட்டுக்கு அப்பால் எதுவும் தெரியாது.

எங்கே தங்கலாம்... எங்கே கூடாது?

இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி இதுதான். கூரையில் வீடு இருந்தால் நினைத்த இடத்தில் தங்கலாம் என்ற நினைப்புதான் இந்த டென்ட்டை விற்பனை செய்கிறது. ஏலமலையில் அந்த நினைப்பு ஆபத்து.

2018 மார்ச் 11 நினைவிருக்கிறதா? போடிக்கு மேலே குரங்கணி மலையில், கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. காய்ந்த புல் சரிவில் ஓட வழியில்லாமல் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். விடுமுறைக்கு வந்த இளைஞர்களும் இளம்பெண்களும்தான் அவர்களில் அதிகம். அதன் பிறகே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளுடன் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு போகலாம். காட்டுத்தீ காலத்தில் மூடிவிடுவார்கள்.

தீ மட்டுமா? எல்லைக்கு அந்தப் பக்கம் பூப்பாறை, சாந்தன்பாறை, சின்னக்கானல் எல்லாம் யானை நடமாடும் பகுதி. ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றே பெயர் வாங்கிய அரிக்கொம்பன் சின்னக்கானல் யானைதான். 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே மாதம் கம்பம் ஊருக்குள்ளேயே வந்து நின்றது. ஜூனில் மறுபடி பிடித்துக் களக்காடு - முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். அரிசி வாசனைக்காகச் சுவரை இடிக்கும் விலங்குக்கு, அரிசி மூட்டையோடு நிற்கும் கார் ஒரு பொருட்டா? டென்ட்டின் உயரம் பாம்புக்கும் அட்டைக்கும்தான் பாதுகாப்பு. யானைக்கு அது துதிக்கை எட்டும் உயரம். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் ஒரு ரிசார்ட்டின் டென்ட்டில் தங்கியிருந்த இளம்பெண் யானை தாக்கி இறந்துபோனதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே விதி ரொம்ப எளிது.

கூடாத இடங்கள்: காப்புக்காடு, வன உயிரின சரணாலயம், தேசியப் பூங்கா (மதிகெட்டான் சோலை இந்தப் பக்கம்தான் இருக்கிறது), மலைப்பாதை ஓரம், வியூ பாயின்ட், ஆற்றுப் படுகை. அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவதும், அங்கே தீ மூட்டுவதும் குற்றம். 'ஒரு ராத்திரிதானே' என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

தங்கக்கூடிய இடங்கள்: உரிமம் பெற்ற கேம்ப் சைட், ஹோம்ஸ்டே வளாகம், உரிமையாளரின் அனுமதியோடு தனியார் தோட்டத்தின் வீட்டு முற்றம். போடியில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கும் ஊர்களில் ஒன்று போடி, மற்றொன்று கேரளாவின் புற்றடி. தெரிந்தவர் மூலமாகப் பேசி, 'ஸ்டோர் முன்னாடி வண்டி நிறுத்திக்கிறோம்' என்று கேட்டால் இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஸ்டோர் என்பது பச்சைக் காயை உலர்த்தும் கட்டடம். முன்னால் களம்போலச் சமமான இடம் இருக்கும், தண்ணீர் இருக்கும், பக்கத்தில் ஆள் இருப்பார்கள்.

கொழுக்குமலை பற்றி ஒரு வார்த்தை. போடி தாலுகாவில் இருந்தாலும், ஜீப் பாதை கேரளாவின் சூரியநெல்லி வழியாகத்தான். அந்தக் கரடுமுரடான பாதையில் உள்ளூர் ஜீப்தான் போகும். உங்கள் கூரை டென்ட்டை சூரியநெல்லியிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

தோட்டத்துக்குள் கவனிக்க வேண்டியவை

நிழல் மரத்தடியில் வண்டியை நிறுத்தாதீர்கள். மழையிலும் காற்றிலும் கிளை முறிந்து விழுவது ஏலமலையில் சகஜம். ஏலச்செடிக்கு அடிக்கடி பூச்சிமருந்து அடிப்பார்கள். எப்போது அடித்தார்கள் என்று கேட்டுவிட்டு, செடிகளிலிருந்து விலகி நில்லுங்கள். தோட்டத்துக்குள் ஓடும் ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குடிக்க வேண்டாம். கொதிக்க வைத்தாலும் மருந்து போகாது. குடிநீரை போடியிலிருந்தே கேனில் எடுத்துப் போங்கள். அப்புறம், காயைப் பறித்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். பல மாத உழைப்பு அது.

ராத்திரி ஏழு முதல் காலை ஆறு வரை

*நிறுத்துவது:* மொபைலில் லெவல் ஆப் இருக்கும். மட்டம் பார்த்து, தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்குக் கீழே பலகை கொடுங்கள். துளி சரிவு மிஞ்சினால் தலை மேட்டுப் பக்கம் இருக்கட்டும். ஹேண்ட்பிரேக், கியர், சக்கரத்துக்கு அணைகல் மூன்றும் கட்டாயம். வெளியேறும் பக்கம் பார்த்து வண்டியை நிறுத்துங்கள்; அவசரம் என்றால் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருக்க முடியாது.

*மூச்சுக்காற்று ஈரம்:* புதிதாகத் தங்குபவர்கள் 'டென்ட் ஒழுகுது' என்று புகார் சொல்வார்கள். பெரும்பாலும் ஒழுகல் இல்லை, உங்கள் மூச்சுதான். இரண்டு பேர் விடும் மூச்சிலுள்ள ஈரம், குளிர்ந்த உலோக ஓட்டில் பட்டு நீராகிச் சொட்டும். எதிரெதிர் ஜன்னல்களை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். மெத்தைக்கு அடியில் காற்றோடும் வலைவிரிப்பு போட்டால் பூஞ்சை பிடிக்காது. வீடு வந்ததும் டென்ட்டைத் திறந்து வெயிலில் ஒரு நாள் காயவிடுங்கள்.

*நெருப்பு:* டென்ட்டுக்குள் அடுப்பு, கரி, கொசுவர்த்தி எதுவும் கூடாது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் அறைக்குள் பார்பிக்யூ அடுப்போடு தூங்கியவர்களில் இருவர் எழுந்திருக்கவே இல்லை. கரி கனலும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. சமைப்பதென்றால் வண்டியிலிருந்து தள்ளி, தரையில், சின்ன கேஸ் ஸ்டவ்வில். கேம்ப் ஃபயர் வேண்டாம். போடியில் இட்லி பார்சல் வாங்கிப்போவது எல்லாவற்றையும்விட நிம்மதி.

*சாப்பாடு:* பழம், அரிசி, வெல்லம் எதையும் டென்ட்டில் வைக்காதீர்கள். சாப்பிட்ட மிச்சத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, தோட்டத்துக் கட்டடத்துக்குள் வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

*ஏணி:* ரூஃப்டாப் டென்ட்டின் பலவீனம் இதுதான். நள்ளிரவில் பாத்ரூம் போக, தூக்கக் கலக்கத்தில், பனியில் நனைந்த ஏணியில் இறங்க வேண்டும். வண்டியைப் பார்த்தபடி, இரண்டு கையாலும் பிடித்து இறங்குங்கள். ஹெட்லைட் தலையில் இருக்கட்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள், சின்னக் குழந்தைகள், குடித்தவர்கள் மேலே ஏறவே வேண்டாம்.

*இடி மின்னல்:* மின்னல் வெட்ட ஆரம்பித்தால் இறங்கிக் காருக்குள் போய்க் கதவை, கண்ணாடியை மூடிக்கொள்ளுங்கள். உலோக பாடிதான் பாதுகாப்பு. மேலே இருக்கும் துணிச்சுவரும் ஃபைபரும் உதவாது.

எந்த மாதம் போகலாம்?

* டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி முதல் வாரம் வரை: இதுதான் சரியான காலம். மழை ஓய்ந்திருக்கும், வானம் தெளிந்திருக்கும், குளிர் கடுமை.
* பிப்ரவரி நடு முதல் ஏப்ரல் வரை: காட்டுத்தீ காலம். புல் சரிவுகள் பக்கமே போக வேண்டாம்.
* மே: கோடை மழையும் இடியும். சாயங்காலத்துக்குள் இடம் பிடித்துவிட வேண்டும்.
* ஜூன் முதல் செப்டம்பர் வரை: எல்லைக்கு மேற்கே தென்மேற்குப் பருவமழை கொட்டும். கணவாய்களில் காற்று பலமாக அடிக்கும். தேனி மாவட்டத்தில் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை.
* அக்டோபர் முதல் டிசம்பர் வரை: வடகிழக்குப் பருவமழை. மலைப்பாதையில் மண், பாறை சரியும். மழை எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா?

ஒரு கணக்கு போடுவோம். டென்ட்டும் கிராஸ்பாரும் சேர்த்து ஒன்றரை லட்சம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஐந்து ராத்திரி வீதம் ஐந்து வருஷம் பயன்படுத்தினால் 25 ராத்திரி. ஒரு ராத்திரிக்கு 6,000 ரூபாய்! அந்தக் காசுக்கு நல்ல ஹோம்ஸ்டேயில் சாப்பாட்டோடு தங்கலாம். வருஷத்துக்கு 25 ராத்திரி வெளியே தங்குபவர் என்றால் அதே கணக்கு 1,200 ரூபாய்க்கு இறங்கிவிடும்.

அதனால் முதல்முறை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். டென்ட்டோடு கூடிய காரையே வாடகைக்கு எடுப்பதாக இருந்தால், கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து நம்பர் பிளேட் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளை போர்டு சொந்த வண்டியை வாடகைக்கு விடுவது சட்டவிரோதம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும்.

கிளம்பும் முன் ஒரு பார்வை

* கூரை வரம்பு, டென்ட் எடை சரிபார்த்தாச்சா?
* தங்கும் இடத்தின் உரிமையாளரிடம் அனுமதி வாங்கியாச்சா?
* யானை நடமாட்டம் பற்றி உள்ளூர்க்காரர்களிடம் கேட்டாச்சா?
* மேப்பை ஆஃப்லைனில் இறக்கியாச்சா? மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.
* எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லியாச்சா?
* அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108. இரண்டு மாநிலத்திலும் இதே எண்கள்தான்.
* ஸ்லீப்பிங் பேக், ஹெட்லைட், அணைகல், மழைக்கோட்டு, அட்டைக்கு உப்பு, குப்பையைத் திரும்ப எடுத்துவரப் பை... எல்லாம் இருக்கா?

எல்லாவற்றுக்கும் 'ஆச்சு' என்றால் கிளம்புங்கள். தெரிந்தவர் தோட்டத்து முற்றத்தில், முறையாகக் கேட்டு வாங்கிய இடத்தில், டென்ட் ஜிப்பை இறக்கிப் படுத்தால் ஏலக்காய் உலரும் வாசனை ஸ்டோரிலிருந்து மெல்ல வரும். விடியும்போது போடியிலிருந்து ஏறிவரும் ஜீப் சத்தம் உங்களை எழுப்பிவிடும். வேலைக்கு வருபவர்களுக்கு வழிவிட்டு, வண்டியைக் கொஞ்சம் ஒதுக்கி நிறுத்த மறந்துவிடாதீர்கள்!